சித்தன்னவாசல் தாமரைக்குளம்: பூப்பறிக்கும் மூவர் யார்?

அண்ணாந்து பார்த்தால் ஒரு குளம்! குளம் நிறையத் தாமரை. மொட்டு, விரிந்த மலர், அகன்ற பச்சை இலை. நடுவே மீன்கள், பறவைகள், எருமைகள், யானைகள். பூப்பறிக்கும் மூன்று ஆடவர்கள்.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள சித்தன்னவாசலில், 'அறிவர் கோயில்' என்ற சமணக் குடைவரையின் விதானத்தில் இருக்கிறது இந்தச் சித்திரம்.

தீட்டியது எப்போது?

1920-ஆம் ஆண்டு வாக்கில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் இதன் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னார். மகேந்திரவர்ம பல்லவன் காலத்து ஓவியம் என்றே முதலில் கருதினார்கள். அங்குள்ள கல்வெட்டு வேறு கதை சொன்னது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் (815–862) காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்தான் என்கிறது அது. ஆகவே, இன்று காணும் ஓவியம் ஒன்பதாம் நூற்றாண்டினது என்பதே அறிஞர் பலரின் முடிவு.

பூவுக்குள் பொருள்

வெறும் இயற்கைக் காட்சியா இது? இல்லை என்கிறார்கள் அறிஞர்கள். தீர்த்தங்கரர் அறவுரை கூறும் தெய்வ மண்டபத்துக்குச் 'சமவசரணம்' என்று பெயர். அதை அடையுமுன் பல நிலங்களைக் கடக்க வேண்டும். அவற்றில் ஒன்று தாமரைத் தடாகம். வீடுபேற்றுக்குத் தகுதி பெற்ற 'பவ்வியர்' அங்கே நீராடி, பூக்கொய்து மகிழ்வார்களாம். அந்த மூவரும் அவர்களே!

இதை அறிந்தபின் மறுபடி பாருங்கள். ஒருவர் பூக்கூடையுடன் மலர் கொய்கிறார். இன்னொருவர் தோளில் தாமரைக்கொத்து. எவர் முகத்திலும் பரபரப்பு இல்லை. நல்ல சொல் கேட்கப் போகிறவர்களின் அமைதி அது. சேற்றில் பிறந்தும் சேறு படாத தாமரை அவர்களுக்குப் பொருத்தமான துணைதானே!

உதிரும் வண்ணம்

சுண்ணாம்பு, கரி, காவி மண், பச்சை மண் முதலியவற்றால் ஆனவை இந்த வண்ணங்கள். ஆயிரம் ஆண்டு தாங்கிய அவற்றில் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. மிஞ்சியதை இந்தியத் தொல்லியல் துறை காத்து வருகிறது.

கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளியும் திருவள்ளூர்க் குடும்பமும் ஓர் இரவுப் பயணத்தில் அங்கே போய்ச் சேரலாம். போகிறவர்கள் கண்ணால் மட்டும் தொடுங்கள். உதிர்ந்த இதழை மறுபடி ஒட்ட இளங்கௌதமன் வரப்போவதில்லை!