சுருளுக்குத் திரும்பும் கேசம்

அமெரிக்காவில் வாழும் கறுப்பின ஸ்திரீகளுள் அநேகர், சிறு வயதிலேயே தாயாரோ சிற்றன்னையோ தலையில் பூசிவிட்ட ஒரு வெள்ளைக் களிம்பின் காரணமாக, தங்களுடைய கேசம் இயற்கையில் எப்படி இருக்கும் என்பதையே அறியாமல் வளர்ந்து, வளர்ந்த பிறகும் ஆறு வாரத்துக்கோ எட்டு வாரத்துக்கோ ஒரு முறை அதே களிம்புக்காக அழகு நிலையத்தின் நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்கள். அந்தக் களிம்புக்கு ரிலாக்ஸர் என்று பெயர். நெருங்கிச் சுருண்டு வளரும் முடியை நிரந்தரமாக நீட்டிவிடுவது அதன் தொழில். வேரிலிருந்து முளைத்து வரும் முடியோ பழைய சுருளோடுதான் வரும். ஆகையால் அதற்கும் பூச வேண்டியிருக்கும். ஒரு முறை ஆரம்பித்தவர் லேசில் நிறுத்துவதில்லை. இப்படிப் பல வருஷம் பழகிப்போன ஒருத்தி, ஒரு நாள் போதும் என்று தீர்மானித்துத் தன் சொந்தக் கேசத்துக்குத் திரும்பப் புறப்பட்டால், அவள் எதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. தலைமுடிக்கு இவ்வளவு பேச்சா என்று வாசகர் நினைக்கலாம். ரசாயனமும் சரித்திரமும் இவ்வளவு நெருக்கமாகச் சிக்கிக் கிடக்கும் விஷயம் வேறு அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தின் நீண்ட சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, முடிக்கு உறுதியையும் வடிவத்தையும் தருபவற்றுள் முக்கியமானவை இரண்டிரண்டாக இணைந்து நிற்கும் கந்தக அணுக்கள். தண்ணீரில் நனைத்தாலும் சூடான சீப்பால் இழுத்தாலும் இந்தப் பிணைப்பு அசைவதில்லை. சூட்டினால் நீண்ட முடி, மழைத்தூறலிலோ சமையலறை ஆவியிலோ மறுபடி சுருண்டுவிடுவது அதனால்தான். ரிலாக்ஸர் செய்வது வேறு காரியம். அதில் உள்ள சோடியம் ஹைட்ராக்ஸைடு, நம் ஊரில் சோப்புக் காய்ச்சுகிறவர்கள் உபயோகிக்கும் அதே காஸ்டிக் சோடாதான். 7 என்பது நடுநிலையாகவும் 14 என்பது கடுங்காரமாகவும் உள்ள அளவுகோலில், இக்களிம்பு பெரும்பாலும் 12-க்கு மேலே நிற்கும். இந்தக் காரம் முடியை ஊதச் செய்து, அதன் மேல் செதில்களைத் திறந்து உள்ளே புகுந்து, இரண்டு கந்தக அணுக்களில் ஒன்றைப் பிடுங்கி எறிந்துவிடுகிறது. மிஞ்சிய ஒற்றைக் கந்தகத்தோடு உண்டாகும் புதிய பிணைப்புக்கு லாந்தியோனின் என்று பெயர். போன அணு போனதுதான். அதைத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைக்கும் வித்தை எந்த ஆராய்ச்சிசாலையிலும் கிடையாது. ‘காஸ்டிக் இல்லாதது’ என்று விளம்பரம் செய்து விற்கப்படும் வகையில் கால்சியம் ஹைட்ராக்ஸைடும் குவானிடினும் கலந்து அதே காரியத்தைச் செய்கின்றன. தலைத்தோலின் எரிச்சல் சற்றுக் குறையும், முடியின் வறட்சி சற்று அதிகமாகும், அவ்வளவே வித்தியாசம். நகைச்சுவை நடிகர் கிரிஸ் ராக் 2009-ல் வெளியிட்ட ‘குட் ஹேர்’ என்ற ஆவணப்படத்தில், சோடியம் ஹைட்ராக்ஸைடில் போட்ட அலுமினியக் குளிர்பான டப்பாக்கள் கரைந்துபோவதைக் காட்டுகிறார்கள். அதே வஸ்துவைத்தான் தலையில் தடவிக்கொண்டு, எரிச்சல் தாங்காமல் போகும் வரையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ரிலாக்ஸரின் பூர்வ கதை ஒரு தையற்கடையில் தொடங்குகிறது. ஓஹையோ மாகாணத்துக் கிளீவ்லாந்து நகரில் தையல் இயந்திரங்களைப் பழுது பார்த்துவந்த காரெட் மார்கன் என்ற கறுப்பின மேதை, ஊசி வேகமாக ஓடும்போது துணி கருகாமல் இருக்க ஒரு திரவம் தயாரிக்க முயன்றுகொண்டிருந்தாராம். கையைத் துடைத்த கம்பளித் துணியின் இழைகள் நேராகிப் படிந்துவிட்டதைக் கண்டு வியந்து, பக்கத்து வீட்டு ஏர்டேல் நாயின் சுருட்டை ரோமத்தில் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு தம் தலையிலும் தடவிக்கொண்டார். நாயைக் கண்ட அதன் எஜமானர் அடையாளம் தெரியாமல் விரட்டியடித்தார் என்றுகூட அந்தக் கதை முடிவதுண்டு. 1913-ல் இந்தச் சரக்குக்காக அவர் கம்பெனி ஏற்படுத்தினார். பிற்காலத்தில் புகைக்கவசத்துக்கும் போக்குவரத்துச் சைகைக் கருவிக்கும் காப்புரிமை பெற்றவரும் அவரே. ஆண்களும் இதற்கு விலக்கல்ல: காஸ்டிக் சோடாவும் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்து வீட்டிலேயே குழைத்த கூழால் தலைமுடியை நீட்டிக்கொள்ளும் ‘கான்க்’ என்னும் நாகரிகம் அந்த நூற்றாண்டின் முற்பாதியில் பரவியிருந்தது. இளமையில் அப்படிச் செய்துகொண்ட கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், 1965-ல் வெளியான தம் சுயசரிதையில், அந்த எரிச்சலையும் அதைவிட அதிகமாகத் தம்மையே தாழ்த்திக்கொண்ட அவமானத்தையும் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்.

ஏன் இவ்வளவு பிரயாசை? அழகுணர்ச்சி மட்டும் காரணமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் நேர்ந்திராது. லூயிஸியானா ஸ்பெயின் தேசத்தின் ஆட்சியில் இருந்த 1786-ல், கவர்னர் மிரோ, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண்களும் தலைமுடியைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டார். அடிமை முறை ஒழிந்த பின்னரும் வேலை கொடுக்கிறவனுடைய கண்ணும் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியருடைய கண்ணும் நேரான முடியையே ஒழுங்கான முடி என்று கருதின. 1960-களின் உரிமைப் போராட்டத்தில் ஆப்ரோ என்னும் வட்டக் கேசம் ஒரு கொடியாகவே உயர்ந்தது. போராட்டத்தின் வேகம் அடங்கியதும் ரிலாக்ஸர் மறுபடி தலையெடுத்து, அடுத்த இரண்டு மூன்று தசாப்தங்கள் கோலோச்சியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்துதான் பெண்கள் கூட்டம் கூட்டமாக அதைக் கைவிடலானார்கள்.

கைவிடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ரசாயனம் பட்ட முடி முழுவதையும் ஒரே நாளில் வெட்டியெறிந்து, ஓர் அங்குலச் சுருளோடு வெளியே வருவது ஒன்று. ‘பிக் சாப்’ என்று அதைச் சொல்வார்கள். துணிவுள்ளவர்களுக்கு அதுவே சுலபம். மற்றொன்று, களிம்பை மட்டும் நிறுத்திவிட்டு, வேரிலிருந்து புது முடி வளர வளர, நுனியிலிருந்து பழைய முடியைச் சிறிது சிறிதாகக் கத்தரித்துக்கொண்டே வருவது. இது வருஷக் கணக்கில் நீளும். ஆப்பிரிக்க வம்சத்தாரின் முடி நாள் ஒன்றுக்குச் சராசரி கால் மில்லிமீட்டர் வளர்கிறது. ஐரோப்பியருடைய முடி சுமார் 0.4 மில்லிமீட்டர். ஆக, ஒரு வருஷத்துக்குக் கிடைப்பது ஒன்பது சென்டிமீட்டர். அதுவும் சுருண்டு மடிந்து நிற்பதால் பார்வைக்கு மூன்று நான்கு சென்டிமீட்டராகத்தான் தோன்றும். ஒரு வருஷம் பொறுத்தும் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லையே என்று மனம் சோர்ந்து மறுபடி களிம்புக்குத் திரும்புகிறவர்கள் பலர்.

இந்த இடைக்காலத்தில் உண்மையான அபாயம் எங்கே இருக்கிறதென்றால், புதிய சுருள் முடிந்து பழைய நேர்முடி தொடங்கும் எல்லைக்கோட்டில் இருக்கிறது. நைந்த வேட்டியில் புதுத் துணியை ஒட்டுப் போட்டால் தையலை ஒட்டியே கிழிவதுபோல, இரண்டு தன்மையும் சந்திக்கும் அந்த இடத்திலேயே முடி ஒடிகிறது. ஆகையால் வறண்ட முடியில் சீப்பைப் போடுவதே கூடாது. தலையை நாலைந்து பாகமாக வகிர்ந்து, நனைத்து, கண்டிஷனர் தாராளமாகத் தடவி, முதலில் விரலாலும் பிறகு அகன்ற பல் சீப்பாலும், நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல வேரை நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். இதற்கு அரைநாள் செல்லும். ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்கிவைக்கும் குடும்பங்கள் உண்டு. மேலே சுருளும் கீழே நேருமாக நிற்கும் விகாரத்தை மறைக்க, இரவில் ஈர முடியை இரட்டைப் புரிகளாக முறுக்கிவைத்துக் காலையில் அவிழ்ப்பார்கள். முழு முடியும் ஒரே அலையாகத் தோன்றும். மின்சார இஸ்திரிச் சீப்பால் சுருளை நீட்டி ஒப்பேற்றலாமே என்றால், மிதமிஞ்சிய சூடு புதிய சுருளையும் நிரந்தரமாகக் கெடுத்துவிடும். பிரயாணம் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும்.

சுருள் முடி ஸ்வபாவத்திலேயே வறட்சியானது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய், நேரான முடியில் வழுக்கி இறங்குவதுபோல் அதன் வளைவுகளில் இறங்குவதில்லை. தினம் ஷாம்பு போட்டால் இருக்கும் பசையும் போய்விடும். வாரத்துக்கு ஒரு முறையே அநேகருக்குப் போதும். படுக்கும்போது சாட்டின் தொப்பி அணிவதும் இதற்காகத்தான். பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சி, முடியையும் உராய்ந்து தேய்க்கும். நம் தேங்காய் எண்ணெய்க்கு இங்கே ஒரு கௌரவமான இடம் உண்டு: அது முடியின் உள்ளே ஊடுருவிப் புரத நஷ்டத்தைக் குறைக்கிறது, கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று 2003-ல் இந்திய ஆராய்ச்சியாளர் இருவர் எழுதினார்கள். ஆயினும் எண்ணெய் ஈரமாகாது. முதலில் தண்ணீர், அதன் மேல்தான் எண்ணெய்.

பொறுமையற்றவர்கள் முடி வளரும் இந்த இடைக்காலத்தைப் பொடிப் பின்னல்களாலும், பிறர் முடியை வைத்துத் தைத்துக்கொள்ளும் ‘வீவ்’ முறையாலும் கடத்துகிறார்கள். அப்படித் தைக்கப்படும் முடியில் ஒரு பகுதி திருப்பதி முதலிய நம் கோயில்களில் காணிக்கையாகக் கொடுத்த முடி என்பது கிரிஸ் ராக்கின் படத்திலேயே சொல்லப்படுகிறது. வேண்டுதலுக்கு மொட்டை போட்ட நம் பெண்மணி ஒருத்தியின் கூந்தல் அட்லாண்டா நகரத்துத் தலையொன்றில் உலாவுவது வேடிக்கையான சம்பந்தந்தான். ஆனால் பின்னல் இறுகினால் வேர் இழுபட்டு, நெற்றியோரமும் பொட்டோரமும் வழுக்கை விழும். ஆரம்பத்தில் கவனித்தால் முடி திரும்ப முளைக்கும். வேர் தழும்பாகிவிட்டால் முளைக்காது. வலிக்கிற பின்னலை அன்றைக்கே அவிழ்த்துவிட வேண்டும்.

2022 அக்டோபரில் அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய சுகாதார நிலையங்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, தீர்மானிக்காமல் இருந்தவர்களையும் யோசிக்க வைத்தது. முப்பத்துமூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பல வருஷம் கவனித்ததில், முடி நீட்டும் சரக்குகளை உபயோகிக்காதவர்களுள் எழுபது வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர் 100-க்கு 1.64 பேர் என்றும், அடிக்கடி உபயோகித்தவர்களுள் 4.05 பேர் என்றும் கணக்கிட்டார்கள். இன்ன வஸ்துதான் காரணம் என்று அது ஸ்தாபிக்கவில்லை. சம்பந்தம் இருப்பதை மட்டும் காட்டியது. சட்டமோ அதற்கு முன்பே அசைந்துவிட்டது: இயற்கைக் கேசத்தையும் பின்னலையும் சாக்காக வைத்து வேலையிலோ பள்ளியிலோ ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியா மாகாணம் 2019-ல் முதன்முதலாகச் சட்டம் இயற்றியது, வேறு மாகாணங்களும் பின்தொடர்ந்தன.

நம் ஊர் பார்லர்களில் ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் என்று செய்துகொள்ளும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. ரீபாண்டிங்கில் பெரும்பாலும் தயோகிளைகோலேட் என்னும் வேறு மருந்து வேலை செய்கிறது. காஸ்டிக் சோடா அல்ல. ஒன்று பட்ட முடியில் மற்றொன்றைப் பூசினால் முடி ஒடிந்து விழும். ஆகவே உங்கள் தலையில் பூசிய சரக்கின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சூடுபடுத்தும்போது கண் எரிந்தால் அதில் பார்மால்டிஹைடு இருக்கக்கூடும்; எழுந்துவிடுங்கள். நீட்டிய முடியைப் பழைய சுருளுக்கு மீட்டுத் தருவதாகச் சொல்லி எவரேனும் ஒரு புட்டியை நீட்டினால், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள்.