நாழியும் உழக்கும் சொல்லும் நவீன சாஸ்திரம்

குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் சாஸ்திரம் கற்பிக்க வேண்டுமானால் முதலில் ஆளுக்கொரு யந்திரம் வாங்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். வசதியில்லாத பெற்றோர் மனம் சோர்ந்து போகிறார்கள். வசதியுள்ளவர்களோ கைபேசியைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, படிப்பு நடப்பதாகத் திருப்தி அடைகிறார்கள். சோர்வும் வேண்டாம், அந்தத் திருப்தியும் வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம்.

நியூஸிலாந்தில் காண்டர்பரி சர்வகலாசாலையைச் சேர்ந்த டிம் பெல் என்பவரும் அவருடைய சகாக்களும் 1990-களில் ஒரு முறையை வகுத்தார்கள். யந்திரமே இல்லாமல், சீட்டும் கயிறும் கொண்டு இந்தச் சாஸ்திரத்தின் அடிப்படைகளைச் சிறுவர்களுக்கு விளையாட்டாகப் புகட்டும் முறை அது. 1, 2, 4, 8, 16 என்று புள்ளிகள் இட்ட ஐந்து சீட்டுக்கள் அதில் பிரசித்தமானவை.

நாஞ்சில் நாட்டாருக்கு அந்தச் சீட்டுக்கள்கூட அவசியமில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் நெல் அளந்த வீடுகளின் பரணில் தேடினால் போதும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. ஆழாக்கால் எண்ணினால் 1, 2, 4, 8 ஆயிற்றல்லவா?

நான்கு குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, இடமிருந்து வலமாக நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு ஆகியவற்றைக் கொடுங்கள். "பதினோர் ஆழாக்கு அரிசி வேண்டும், எந்த அளவையையும் ஒரு தடவைக்கு மேல் நிரப்பக் கூடாது" என்று சொல்லுங்கள். சற்று நேரம் கூச்சலாக இருக்கும். பிறகு நாழி நிறையும். உரி காலியாக நிற்கும். உழக்கும் ஆழாக்கும் நிறையும். நிறைந்ததற்கு 1, காலிக்கு 0 என்று எழுதினால் 1011. கம்ப்யூட்டர் பதினொன்றைக் குறித்துக்கொள்வதும் இவ்விதமே. அங்கே அரிசிக்குப் பதில் மின்சாரம், அவ்வளவுதான். 1 முதல் 15 வரை எந்தத் தொகைக்கும் ஒரே ஒரு விடைதான் உண்டென்பதைக் குழந்தைகள் தாமே கண்டுபிடிப்பார்கள்.

கன்னியாகுமரி ஜில்லா சென்னை ராஜ்யத்துடன் இணைந்த 1956-ஆம் வருஷத்திலேயே மெட்ரிக் அளவைச் சட்டமும் பிறந்தது. பத்துப் பத்தாகப் பெருகும் கணக்கு வியாபாரத்துக்கு நல்லதே. ஆனால் நாழி, கல்யாண வீட்டு நிறைநாழியாக மட்டும் நின்றுவிட வேண்டியதில்லை. அதன் வாய்பாடு தெரிந்த பாட்டிமார் இருக்கும்போதே பேரக் குழந்தைகளை அவர்களருகில் உட்கார வையுங்கள். நாழிக்கு இடப்புறம் இருநாழிப் பாத்திரம் ஒன்றைச் சேர்த்தால் எத்தனை ஆழாக்கு வரையில் அளக்கலாம்? விடையைப் பெரியவர்கள் சொல்லிவிடாதிருப்பார்களாக!