இரவில் மணி காட்டும் மூன்று நட்சத்திரங்கள்

ஆண்டிபட்டி வட்டாரத்தில் கூட்டுக் கிணற்றில் முறை வைத்து நீர் பாய்ச்சும் விவசாயிகளும், சோளத்துக்கும் கடலைக்கும் பன்றிக் காவல் இருப்பவர்களும் பனிக்கால இரவுகளைத் தோட்டத்திலேயே கழிக்க வேண்டியுள்ளது. முறை தப்பினால் பயிர் வாடும்; பங்காளிகளுக்குள் மனத்தாங்கலும் வரும். கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டாலும் மணி அறிய வானத்தில் ஒரு வழி இருக்கிறது.

அடையாளம் காண்பது எப்படி?

மார்கழி மாதத்தில் இரவு 7½ மணிக்குக் கிழக்கு நோக்கி நிற்கவும். ஒரே அளவான மூன்று நட்சத்திரங்கள், சம இடைவெளியில், ஒன்றன்கீழ் ஒன்றாகச் சற்றே சாய்ந்து தெரியும். வேட்டைக்காரன் அல்லது ஓரியன் எனப்படும் கூட்டத்தின் இடைக்கச்சை இதுவே. இதன் இடப்புறம் செந்நிறமாக இருப்பது திருவாதிரை. வலப்புறம் வெண்மையாக ஒளிர்வது ரைகல். திருவாதிரைக்குச் சற்று மேலே நெருங்கியிருக்கும் மூன்று மங்கலான மீன்களே மிருகசீரிடம்.

மூன்று நட்சத்திரக் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் செந்நிற ரோகிணியும், அதற்கும் அப்பால் அறுமீன் எனப்படும் கார்த்திகைக் கூட்டமும் வரும். கீழ்நோக்கி நீட்டினால், சுமார் ஒன்றேகால் மணி நேரம் கழித்து, வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமாகிய சிரியஸ் உதிக்கும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஆருத்ரா தரிசனத்தன்று நிலவைப் பார்க்கவும். அன்று நிலவு திருவாதிரைக்குப் பக்கத்தில் நிற்கும்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு?

நட்சத்திரங்கள் நாள்தோறும் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. வாரத்துக்கு அரை மணி. மாதத்துக்கு 2 மணி. ஆகவே மாதப் பிறப்பின் நேரத்தை நினைவில் வைத்தால் போதும். நமது பகுதிக்கு இடைக்கச்சை தோன்றும் நேரங்கள் ஏறக்குறைய வருமாறு:

ஐப்பசி: இரவு 10 மணிக்கு மேல் உதயம், விடியற்காலை 4 மணிக்கு உச்சி.
கார்த்திகை: இரவு 8 மணிக்கு மேல் உதயம், பின்னிரவு 2 மணிக்கு உச்சி.
மார்கழி: மாலை 6¼ மணிக்கு உதயம், நள்ளிரவு 12¼ மணிக்கு உச்சி.
தை: இரவு 10¼ மணிக்கு உச்சி, காலை 4¼ மணிக்கு மறைவு.
மாசி: இரவு 8½ மணிக்கு உச்சி, பின்னிரவு 2½ மணிக்கு மறைவு.
பங்குனி: நள்ளிரவு 12½ மணிக்கு மறைவு.

கிழக்கே கணவாய் மலையும் மேற்கே மலைத்தொடரும் மறைக்கும் இடங்களில் உதயம் சற்றுத் தாமதமாகவும், மறைவு சற்று முன்னதாகவும் தெரியும்.

இடையில் உள்ள நேரத்தை அறியக் கையை நன்றாக நீட்டி, விரல்களை விரித்துச் சாண் பிடிக்கவும். ஒரு சாண் ஏறச் சுமார் 1 மணி 20 நிமிடம் ஆகும். மூடிய முஷ்டியின் அகலம் 40 நிமிடம்.

இந்த மூன்றும் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைபவை. எனவே திசை அறியவும் உதவும்.

மழைக்கு இதை நம்பலாமா?

வைகாசிக் கடைசியில் இக்கூட்டம் சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிடும். சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும் நாட்களே அக்கினி நட்சத்திரம்; அப்போது அறுமீனும் பகலில் உதித்துப் பகலிலேயே மறைவதால் கண்ணுக்குப் படாது. ஆடி பிறக்கும்போது இடைக்கச்சை விடியுமுன் 4¼ மணிக்குக் கிழக்கில் மீண்டும் தலைகாட்டும். ஆடிப் பட்டம் நெருங்கிவிட்டது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

ஆனால் நட்சத்திரம் காட்டுவது காலத்தை மட்டுமே, மழையை அல்ல. நம் தமிழ் மாதங்கள் சூரியன் நட்சத்திரங்களிடையே நகர்வதை ஒட்டி அமைந்தவை. பருவங்களோ சூரியன் வடக்கிலும் தெற்கிலும் சாய்வதை ஒட்டி வருபவை. இவ்விரண்டுக்கும் ஆண்டுக்குச் சுமார் 20 நிமிட வித்தியாசம் உண்டு. 70 ஆண்டுகளில் இது ஒரு நாளாகிறது. ஆயிரம் ஆண்டுகளில் இரண்டு வாரமாகிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22-ஐ ஒட்டி. தை பிறப்பதோ ஜனவரி 14-ஐ ஒட்டி. இந்த இடைவெளி வந்தது இப்படித்தான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று ஓர் ஆண்டு முந்தும், ஓர் ஆண்டு பிந்தும். ஆகவே மானாவாரி விதைப்புக்கு மண்ணின் ஈரத்தையும் வானிலை அறிவிப்பையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நட்சத்திரத்தை மட்டும் நம்பி விதைத்தால் விதையும் கூலியும் வீணாகும்.

கவனிக்க

நிலவில்லாத இரவில் டார்ச் விளக்கை அணைத்து 20 நிமிடம் பொறுத்தால் மங்கலான மீன்களும் நன்கு புலப்படும். வரப்பில் நடக்கும்போது மட்டும் விளக்கை ஏற்றிக்கொள்ளத் தவற வேண்டாம். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பவர் காலடியில் கிடக்கும் பாம்பைக் காணமாட்டார்.