ஒரு ‘ஹெச்’ எழுத்துக்குப் பல வருஷச் சண்டை: விக்கிப்பீடியாவில் பஞ்சாயத்து எப்படி நடக்கிறது?

யோகர்ட் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ‘ஹெச்’ வருமா, வராதா? அமெரிக்காவில் வராது, பிரிட்டனில் வரும். யாருக்கும் நயா பைசா நஷ்டமில்லாத இந்த விஷயத்துக்காக ஆங்கில விக்கிப்பீடியாவில் வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. 2002-ல் ஹெச் இல்லாமல் தொடங்கப்பட்ட கட்டுரை அது. பிறகு ஒருவர் ஹெச் சேர்த்துத் தலைப்பை மாற்றினார். அதை மாற்று, மாற்றாதே என்று விவாதம் திரும்பத் திரும்பக் கிளம்பி, ஒருவழியாக 2011-ல் பழைய தலைப்பே திரும்பி வந்தது. ‘கட்டுரை எந்த நாட்டு எழுத்துமுறையில் தொடங்கியதோ, வலுவான காரணம் இல்லாமல் அதை மாற்றக் கூடாது’ என்பது அங்குள்ள நடைமுறை.

இதைவிட வேடிக்கை, ‘ஸ்டார் ட்ரெக் இன்டு டார்க்னஸ்’ படத்தின் கட்டுரையில் நடந்தது. 2013-ல் வெளியான ஹாலிவுட் படம் இது. தலைப்பில் உள்ள ‘இன்டு’வின் முதல் எழுத்து பெரிய ‘ஐ’யா, சின்ன ‘ஐ’யா? நான்கு எழுத்துச் சொல் என்பதால் சின்ன எழுத்துதான் என்று ஒரு தரப்பு விக்கிப்பீடியாவின் நடைக் கையேட்டைக் காட்டியது. படத்தைத் தயாரித்தவர்களே பெரிய எழுத்தில்தானே போடுகிறார்கள் என்றது மறுதரப்பு. சுமார் 40,000 வார்த்தைகள் ஓடிய இந்த விவாதத்தை ‘எக்ஸ்கேசிடி’ என்ற இணையச் சித்திரத் தொடர் கிண்டலடித்தது. கடைசியில் பெரிய எழுத்தே ஜெயித்தது.

சிரிப்பு வருவது நியாயம்தான். ஆனால் போர், தேர்தல், சாதி, மதம், மருந்து என எல்லாவற்றைப் பற்றிய கட்டுரைகளிலும் சண்டையைத் தீர்ப்பது இதே முறைதான்.

யார் நீக்கினாலும் திரும்பப் போடலாமா?

விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அடுத்தவர் அதை நீக்கிப் பழையபடி மாற்றவும் செய்யலாம். அங்கே நின்றுவிட்டால் பிரச்சினை இல்லை. முதல் ஆள் மறுபடி போட, இரண்டாம் ஆள் மறுபடி நீக்க, இதுதான் ‘தொகுப்புப் போர்’. இதற்குக் கடிவாளமாக ஆங்கில விக்கிப்பீடியாவில் 2004-ல் வந்தது ‘மூன்று மீளமைப்பு விதி’. 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் ஒருவர் மூன்று முறைக்கு மேல் அடுத்தவரின் திருத்தத்தை நீக்கினால், அவர் கணக்கு முடக்கப்படலாம். ‘நான் சொன்னதுதான் சரி’ என்பது இங்கே செல்லாது. அப்பட்டமான விஷமத் திருத்தங்களை நீக்குவதற்கும், உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய ஆதாரமில்லாத அவதூறுகளை நீக்குவதற்கும் விலக்கு உண்டு.

சண்டை முற்றினால் நிர்வாகி வந்து பக்கத்தைப் பூட்டுவார். எது சரியென்று அவர் பார்க்க மாட்டார். அந்த நிமிடம் எது இருக்கிறதோ, அதிலேயே பூட்டு. ‘நிர்வாகி எப்போதும் தப்பான வடிவத்தைத்தான் பூட்டுவார்’ என்பது விக்கிப்பீடியர்களிடையே பழைய ஜோக்.

பிறகு எல்லாரும் பேச்சுப் பக்கத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. பெரும்பாலான வாசகர்கள் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இரண்டே பேர் மோதினால், சம்பந்தமில்லாத மூன்றாமவரிடம் கருத்துக் கேட்கலாம். விவகாரம் பெரிதென்றால் எல்லாரிடமும் பொதுக் கருத்து கேட்கப்படும். இது வழக்கமாக 30 நாள் ஓடும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தலை எண்ணிப் பார்ப்பதில்லை. நம்பகமான ஆதாரத்தோடு, விதிகளுக்கு உட்பட்டு யார் பேசினார்கள் என்பதை வைத்தே இணக்க முடிவு எழுதப்படும். வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லி ஐம்பது பேரை இறக்கினாலும் பலனில்லை. அது விதிமீறல் என்று திரும்பி அடிக்கும். ஒரே ஆள் பல கணக்குகளில் வந்தால், அதற்குப் பெயர் ‘கைப்பாவை’. பிடிபட்டால் அத்தனை கணக்கும் காலி.

ஆங்கில விக்கிப்பீடியாவில் எல்லாவற்றுக்கும் மேலே, தொகுப்பாளர்களே தேர்ந்தெடுக்கும் நடுவர் குழு உள்ளது. அதுவும் ‘எது உண்மை’ என்று தீர்ப்புச் சொல்லாது. யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்றுதான் விசாரிக்கும். 2009-ல் சயின்டாலஜி அமைப்பின் இணைய முகவரிகளிலிருந்து திருத்தம் செய்யவே தடை விதித்தது இந்தக் குழுதான்.

நீதிமன்றம் போனால்?

இந்தப் படிக்கட்டில் ஏறாமல் நேராகக் கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய கட்டுரை அவதூறானது என்று 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. கேட்ட இழப்பீடு 2 கோடி ரூபாய். திருத்தியவர்களின் விவரங்களைத் தரச் சொன்னது நீதிமன்றம். பின்னர், வழக்கைப் பற்றி எழுதப்பட்ட தனிக் கட்டுரையையே அக்டோபரில் நீக்க வேண்டியதாயிற்று. அந்த நீக்க உத்தரவை 2025 மே 9-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சம்பளமே வாங்காமல், புனைபெயரில் எழுதுகிற ஒருவருக்கு ‘உன் பெயர் கோர்ட்டுக்குப் போகும்’ என்ற பயம் வந்தால், அடுத்த சர்ச்சைக் கட்டுரையில் அவர் ஏன் கை வைக்கப் போகிறார்?

தமிழில் எப்படி?

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விவாதம் நடக்கும் இடத்தின் பெயரே ‘ஆலமரத்தடி’. பெயர் வைத்தவர்களுக்கு ஒரு சபாஷ்! இலங்கைத் தமிழரும் தமிழ்நாட்டுத் தமிழரும் சேர்ந்து எழுதுவதால் சொற்களிலேயே உரசல் வரும். இங்கே ஜெர்மனி, அங்கே ஜேர்மனி. கிரந்த எழுத்து வேண்டாம் என்பவர்களுக்கு ‘செருமனி’. கட்டுரையின் தலைப்பு இந்தக் கடைசி வடிவத்தில்தான் இருக்கிறது. மற்ற பெயர்களில் தேடி வருபவர்களை அங்கேயே அனுப்பிவைக்க ‘வழிமாற்று’ என்றொரு வசதி உண்டு. பல பெயர்ச் சண்டைகளுக்கு இதுவே மருந்து.

உங்கள் ஊரைப் பற்றியோ, படித்த பள்ளியைப் பற்றியோ தப்பாக எழுதியிருந்தால், ஒருமுறை திருத்திப் பாருங்கள். யாராவது நீக்கினால் மறுபடி திருத்தாமல் ‘உரையாடல்’ என்ற பொத்தானை அழுத்தி, செய்தித்தாள், புத்தகம், அரசு ஆவணம் என ஏதாவதொரு ஆதாரத்தோடு எழுதுங்கள். ‘நான் அந்த ஊர்க்காரன், எனக்குத் தெரியும்’ என்பது ஆதாரமாகாது. உங்களைப் பற்றியே கட்டுரை இருக்கிறதென்றால் திருத்தும் பொத்தான் பக்கமே போகாமல், உரையாடல் பக்கத்தில் கோரிக்கை வைப்பதுதான் முறை. ‘வரலாறு’ பகுதியைத் திறந்தால், உங்கள் திருத்தத்தை எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு நீக்கியது என்பது வரை தெரியும்.