கை ஆடுது... அர்த்தம் புரியலே! பெரம்பலூர்–அரியலூர் ரோட்டில் டிரைவர்கள் திண்டாட்டம்

முன்னால் ஒரு சிமெண்டு லாரி. பின்னால் ஒரு கார். லாரியின் வலது பக்க விளக்கு மினுக் மினுக் என்று எரிகிறது.

லாரி வலது பக்கம் திரும்பப் போகிறதா? "முந்திக்கிட்டுப் போ" என்று வழி விடுகிறதா? அல்லது "எதிரே வண்டி வருது, ஏறாதே" என்று எச்சரிக்கிறதா?

மூன்றுக்கும் அதே விளக்கைத்தான் போடுகிறார்கள்! கணக்கு தப்பினால் உயிர் தப்பாது.

லோடு மறைக்கும் விளக்கு

பெரம்பலூரில் இருந்து அரியலூருக்கு சுமார் 30 கிலோமீட்டர். அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக்கல் அதிகம். அதனால் சிமெண்டு ஆலைகளும் அதிகம். அரசு சிமெண்டு ஆலை 1979-ல் அங்கே உற்பத்தியை ஆரம்பித்தது. தனியார் ஆலைகளும் வந்தன. கல் ஏற்றிய டிப்பர், மூட்டை ஏற்றிய லாரி என்று ரோடு அதிர்கிறது.

கரும்பு வெட்டும் காலம் வந்தால் எறையூர் சர்க்கரை ஆலைக்கு டிராக்டர்கள் கிளம்பிவிடும். தோகை தொங்கி, பின் விளக்கை மூடிவிடும். விளக்கு இருந்தும் இல்லாத கதைதான். டிரைவர் கையை நீட்டினால், அந்தக் கையையும் லோடு மறைக்கும். ராத்திரி என்றால் கேட்கவே வேண்டாம்.

சட்டம் சொன்ன 5 சைகை

நம் நாட்டில் வண்டிக்கு ஸ்டீரிங் வலது பக்கம். ஆகவே எல்லாச் சைகையும் வலது கையால்தான். 1989-ம் ஆண்டு சாலை விதிகள் சொன்னது இது:

வேகத்தைக் குறைக்க, உள்ளங்கை கீழே பார்க்க கையை மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிறுத்த, முன்கையை நேராக மேலே தூக்க வேண்டும். வலது பக்கம் திரும்ப, உள்ளங்கை முன்னால் பார்க்கும்படி கையை நேராக நீட்ட வேண்டும். இடது பக்கம் திரும்ப, நீட்டிய கையை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். பின்னால் வருகிறவரை முந்தச் சொல்ல, கையை முன்னும் பின்னும் அரைவட்டமாக வீச வேண்டும்.

2017-ல் புது விதிகள் வந்துவிட்டன. ஆனால் கையில் ஊறிய பழக்கம் போகுமா?

வம்பே இங்கேதான். வலது பக்கம் திரும்ப நீட்டிய கை கொஞ்சம் ஆடினால் போதும். பின்னால் வருகிறவர், "நம்மைப் போகச் சொல்றான்" என்று எடுத்துக்கொள்கிறார். இவர் திரும்ப, அவர் ஏற, நடு ரோட்டில் மோதல்!

முன்னால் போகிறவர் சைகை காட்டாமல் முந்தக் கூடாது என்று 1989 விதியே சொன்னது. "சைடு கேட்பது", "சைடு கொடுப்பது" எல்லாம் இதுதான். ஆனால் ஆபத்து இருந்தால் முந்தவே கூடாது என்றும் அதே விதி சொன்னது. ஆகவே, "அவன் கை காட்டினான், நான் ஏறினேன்" என்பது முழுப் பதில் ஆகாது.

"ரைட்" என்றால்?

பஸ்சில் கண்டக்டர் "ரைட்" என்றால், புறப்படலாம். லாரியை பின்னால் எடுக்கும்போது கிளீனர் "ரைட்" என்றால், ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். புதுசாக வந்த டிரைவர் முழிக்கிறார்!

கண்டக்டரின் விசிலில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போ. இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்த பாஷை அது.

ஹெட்லைட் அடிப்பதும் அப்படித்தான். நம் ஊரில் அதற்கு அர்த்தம், "நான் வர்றேன், நீ நில்லு." பிரிட்டனில் பலர் "நீங்க போங்க" என்பதற்கு அடிக்கிறார்கள். "நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே அடிக்கலாம்" என்கிறது அந்த நாட்டு சாலை விதிப் புத்தகம்.

நாற்சந்தியில் நேராகப் போக, நாலு இண்டிகேட்டரையும் எரிய விடுகிறவர்களும் உண்டு. பக்கத்து ரோட்டில் நிற்பவருக்கு ஒரு பக்க விளக்குதான் தெரியும். "வண்டி திரும்புது" என்று நம்பி அவர் காலை எடுத்து வைத்தால் போச்சு. அந்த விளக்கு, வழியில் நின்றுபோன வண்டிக்கு உரியது.

என்ன செய்யலாம்?

லைசென்ஸ் தேர்வில், கையாலும் இண்டிகேட்டராலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சைகை காட்டத் தெரிய வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. லைசென்ஸ் வாங்கிய மறுநாளே பலர் மறந்துவிடுகிறார்கள்.

திரும்புவதற்கு முன்பே இண்டிகேட்டர் போட வேண்டும். திரும்பியதும் அணைக்க வேண்டும். நீட்டிய கையை ஆட்டக் கூடாது. லோடு ஏற்றியதும் இறங்கி வந்து பின் விளக்கு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குக் காசு செலவு இல்லை.

முந்துகிறவர் முன்னால் போகிறவர் கையை மட்டும் பார்த்தால் போதாது. எதிரே ரோட்டையும் பார்க்க வேண்டும்.

கை அவருடையது. உயிர் நம்முடையது!