பேரப்பிள்ளைகளும் கொடுக்கும் கையும்

தில்லி கரோல்பாகிலும் மும்பை மாதுங்காவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்து சில வாரங்கள் தங்கிச் செல்வதுண்டு. விடைபெறும்போது பேரப்பிள்ளைகளின் கையில் பணம் வைப்பதும் வழக்கம். அப்பணத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. பிறருக்கு ஈவது, அளவறிந்து செலவிடுவது, பெற்றதை மறவாதிருப்பது என்னும் மூன்றும் அடங்கியதே அப்பாடம்.

ஈவதை முதலில் எடுத்துக்கொள்வோம். வெளிமாநிலத்தில் வளரும் குழந்தைக்கு இதற்கான வாய்ப்புக்கள் மிகுதி. ஆவணி அவிட்டத்தையொட்டி வரும் ரக்ஷாபந்தனத்தன்று அடுத்த வீட்டுச் சிறுமி ராக்கி கட்டினால், அவளுக்கு ஏதேனும் தர வேண்டும். நவராத்திரியில் நம் வீட்டுக் கொலுவுக்கு வருவோருக்கு வெற்றிலை பாக்குடன் சிறு பொருள் வைத்துக் கொடுக்கிறோம். தீபாவளியன்று வீட்டு வேலை செய்யும் அம்மாளை மறக்கலாகாது. யாருக்கு, எதன் பொருட்டுக் கொடுக்கிறோம் என்பதைக் குழந்தையின் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள்.

அடுத்தது கணக்கு. பத்து வயது நிறைந்த பேரனிடம் தீபாவளிக்கு 600 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நண்பனுக்கு 400 ரூபாயில் கிரிக்கெட் மட்டை வாங்க அவன் விரும்புகிறான். தாத்தா, "கூடாது" என்று தடுக்க வேண்டியதில்லை. தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னாலே போதும். வேலை செய்யும் அம்மாளுக்கு இனிப்பு 180 ரூபாய் என்று எழுதியவுடன் மிஞ்சுவது 20 ரூபாய்தான், அக்காவுக்கு ஒன்றுமில்லை. மட்டைக்குப் பதிலாக 150 ரூபாயில் ஒரு புத்தகமும், அக்காவுக்கு 120 ரூபாயில் வளையலும் வாங்கினால், மொத்தச் செலவு 450. மீதி 150 ரூபாய் சேமிப்பாகும். பத்து வயது நிறைந்த சிறுவர் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைத் தம் பெயரிலேயே தொடங்கி நடத்தலாம். அதற்குக் குறைந்தது 500 ரூபாய் வேண்டுமாதலால், அத்தொகை சேரும்வரை உண்டியல் இருக்கவே இருக்கிறது.

மூன்றாவது நன்றி. இக்காலத்தில் அதனை வாயால் சொல்லும் ஒரு சொல்லாகவே வழங்குகிறோம். பழந்தமிழில் நன்றி என்பது நன்மையைக் குறிக்கும். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்திற்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். பிறர் செய்த நன்மையை அறிந்திருத்தல் என்பது அதன் பொருள். ஆகவே, 'தேங்க்ஸ்' என்று சொன்ன அளவில் கடமை தீர்ந்துவிடுவதில்லை. அந்த 600 ரூபாய் தாத்தாவின் ஓய்வூதியத்தில் எந்தச் செலவைச் சுருக்கியதால் வந்தது என்பதைப் பேரன் அறிய வேண்டும். பெற்றோர்தாம் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். தாத்தா சொல்ல மாட்டார்.

அறிந்தபின், ஊர் திரும்பிய தாத்தாவுக்கு அவன் தமிழில் நான்கு வரி எழுதட்டும். என்ன கிடைத்தது, அதனால் யாருக்கு என்ன செய்தேன் என்ற இரண்டு செய்திகள் இருந்தால் போதும். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளையின் தமிழில் பிழை இருக்கத்தான் செய்யும். திருத்தாமலே அனுப்புங்கள்.

பெரியோருக்கும் ஒரு வார்த்தை. உண்டியற் காசில் பேத்தி ஒரு கைக்குட்டை வாங்கித் தந்தால், "எனக்கு எதற்கம்மா இதெல்லாம்?" என்று ஒதுக்கிவிடாதீர்கள். மகிழ்ந்து வாங்கிக்கொண்டு, அவள் கண்ணெதிரே பயன்படுத்துங்கள். பெற்றுக்கொள்ளும் முறையையும் குழந்தைகள் நம்மிடமிருந்தே கற்கிறார்கள்.