பிடித்ததை எண்ணலாம், எஞ்சியதை எண்ணுவது எப்படி?

உயிர்ப்புத் திருவிழாவை அடுத்து வரும் வெள்ளிக்கிழமைத் திருப்பலியில் ஆண்டுதோறும் நாம் கேட்கும் நற்செய்தி, திபேரியாக் கடலோரத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறது. இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாத சீடர்கள் ஆண்டவரின் சொற்படி வலை வீசினர். இராயப்பர் அதைக் கரைக்கு இழுத்தபோது 153 பெரிய மீன்கள் இருந்தன என்கிறார் அருளப்பர். இந்த எண்ணுக்கு மறைநூல் வல்லுநர்கள் பல உட்பொருள்கள் கண்டிருக்கின்றனர். எளிய உண்மை ஒன்றும் அதில் உண்டு: மீனவர் தாம் பிடித்ததை எண்ணினர். ஆனால் கடலில் எஞ்சியதை எண்ணுவது எங்ஙனம்?

இவ்வினாவை நம்மிடம் எழுப்பியவர், ஈக்காட்டுத்தாங்கல் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்கும் ஒரு தாய். அவருடைய கணவர் விசைப்படகில் கூலிக்குச் செல்பவர். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில், “கடல்ல மீன் எவ்ளோ இருக்குதுன்னு யாரு சாமி எண்ணிப் பார்த்தாங்க? ரெண்டு மாசம் எங்க அடுப்பு எப்படி எரியும்?” என்று கேட்டார். அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். முதலாவது அறிவியலுக்கு உரியது. இரண்டாவது நீதிக்கு உரியது.

கரையில் நின்று கடலை அளத்தல்

நம் ஊரை ஒட்டி ஓடும் அடையாறு கடலில் கலக்கும் இடத்திற்கு அண்மையில், சாந்தோம் நெடுஞ்சாலையில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் சென்னைக் கிளை இயங்கி வருகிறது. 1947-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்நிலையத்தின் பணியாளர்கள் காசிமேடு போன்ற துறைமுகங்களுக்கும் சிற்றூர்க் கரைகளுக்கும் முறைவைத்துச் செல்கின்றனர். எல்லாப் படகுகளையும் எண்ணுவது இயலாது. ஆகவே சில நாட்களையும் சில படகுகளையும் தெரிந்தெடுத்து, எந்த மீன் எத்தனை கிலோ, எத்தனை மணி நேர உழைப்பில் கிடைத்தது எனக் குறித்து, அதிலிருந்து முழுக் கடற்கரைக்கும் கணக்கிடுகின்றனர். 2024-ஆம் ஆண்டில் இந்தியக் கடற்கரையில் இறங்கிய மீன் 34.7 இலட்சம் டன் என்பது இவ்வாறு பெறப்பட்ட கணக்கே.

எடை மட்டும் போதாது. மீனின் நீளத்தை அளக்கின்றனர். வயிற்றைக் கீறிச் சினை பார்க்கின்றனர். மீனின் தலைக்குள் இருக்கும் சிறு காதுக்கல்லில், மரத்தின் வளையங்களைப் போல வயதின் வரிகள் படிகின்றன. ஆனால் குளிரும் வெப்பமும் பெரிதும் மாறாத நம் கடலில் அவ்வரிகள் பெரும்பாலும் தெளிவாகத் தெரிவதில்லை. ஆதலால், ஆயிரக்கணக்கான மீன்களின் நீளத்தைக் கொண்டே வளர்ச்சியையும் இறப்பையும் ஊகிக்கின்றனர். வலையில் பெரிய மீன்கள் அருகிச் சிறியவையே மிகுமானால், கடல் களைத்துவிட்டது என்று அஞ்ச இடமுண்டு.

விதைநெல்லை உண்ணலாமா?

உழவர் இதனை எளிதில் உணர்வர். விளைந்ததை உண்ணலாம், விதைநெல்லை உண்ணலாகாது. மீன்கூட்டம் மிக நெருக்கமாக இருந்தால் இரை போதாமல் வளர்ச்சி குன்றும். மிகக் குறைந்துபோனாலும் பெருக்கம் குன்றும். இடைப்பட்ட ஒரு நிலையில்தான் ஆண்டுதோறும் மிகுதியான மீனை எடுத்தும் முதல் குறையாமல் காக்க முடியும். அந்த அளவைக் கண்டறிவதே இக்கணக்கின் நோக்கம்.

கணக்குத் தவறினால் என்ன ஆகும்? கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் நூற்றாண்டுகளாகக் காட் மீன் குவிந்தது. மீன் அருகி வந்தபோதும் அவை ஓரிடத்தில் திரண்டமையால் படகுகளுக்குக் குறைவின்றிக் கிடைத்தது. மீன்வளமும் மிகையாக மதிப்பிடப்பட்டது. 1992-ஆம் ஆண்டு அங்கே காட் மீன்பிடிப்பே தடை செய்யப்பட்டு, ஏறத்தாழ 30,000 பேர் தொழில் இழந்தனர். வலை நிறைவதாலேயே கடலும் நிறைந்திருப்பதாக எண்ணலாகாது என்பது அவர்கள் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம்.

அண்டையிலுள்ள கேரளத்தில் 2012-ஆம் ஆண்டு 3.9 இலட்சம் டன் அளவில் கிடைத்த மத்தி மீன், 2021-ஆம் ஆண்டில் 3,297 டன்னாகச் சுருங்கியது. குஞ்சு மீன்களை வாரியதும், கடலின் வெப்பநிலை மாறியதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பின்னர் மத்தி ஓரளவு மீண்டது. கடல் மன்னிக்கவும் செய்யும். ஆனால் எப்போதும் மன்னிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

தடையும் அதன் சுமையும்

ஒரே மடியில் பலவகை மீன்கள் விழும் நம் கடலில், ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியே டன் அளவு விதிப்பது கடினம். அதனால் காலத்தடை, எல்லை, வலைக்கண்ணியின் அளவு ஆகியவற்றை நம் சட்டங்கள் கையாளுகின்றன. 2001-ஆம் ஆண்டில் 45 நாட்களாகத் தொடங்கிய விசைப்படகுத் தடை, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்களாக நீடிக்கிறது. மீன்கள் சினை பிடித்துப் பெருகுவதற்கு இடம் விடுவதே இதன் கருத்து. குஞ்சுகளோடு இருக்கும் தாய்ப்பறவையைப் பிடியாதே என்ற உபாகமக் கட்டளை நம் நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் ஆராயப்பட்ட 135 மீன் கூட்டங்களில் 91.1 விழுக்காடு நலமான நிலையில் உள்ளதாக மேற்கூறிய நிலையம் அறிவித்தது ஆறுதலளிக்கும் செய்தி.

ஆயின் அத்தாயின் இரண்டாவது கேள்வி நிற்கிறது. தடைக்கால உதவித்தொகை குடும்பத்திற்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என 2023-ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்தது. 61 நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய்! வருங்காலத் தலைமுறைக்காகச் செய்யப்படும் தவத்தை ஏழை ஒருவரே சுமப்பது முறையா? மண்ணுலகின் அழுகையும் ஏழைகளின் அழுகையும் ஒன்றே என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு விடுத்த ‘இறைவா, உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில் உணர்த்தினார். கட்டுப்பாடற்ற மீன்பிடிப்பையும் அதில் அவர் கண்டித்துள்ளார்.

நம் இல்லங்களின் பங்கு

கடலுக்குச் செல்லாத நாமும் வலையின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறோம். வளர வேண்டிய வஞ்சிரத்தின் குஞ்சை மலிவென்று வாங்குவோமானால், அதைப் பிடிக்கச் சொல்பவர்கள் நாமே. நெத்திலி பிறப்பிலேயே சிறியது. அதை உண்பதில் குற்றமில்லை. பெரிதாக வளரும் இனத்தின் குஞ்சையே தவிர்க்க வேண்டும். தடைக்காலத்தில் விலை ஏறினால், கூடைக்காரத் தாயிடம் பேரம் பேசுவதை ஒறுப்போம். தடையால் வருவாய் இழந்த குடும்பம் பங்கில் இருப்பின், வின்சென்ட் தே பவுல் சபையார் அதன் கதவைத் தட்டட்டும்.

அன்று சீடர்களின் வலை அத்தனை மீன்களைத் தாங்கியும் கிழியவில்லை. கடலையும் கரையையும், மீனையும் மீனவரையும் ஒன்றாகப் பிணைக்கும் வலை ஒன்று இன்று நம் கைகளில் உள்ளது. அதுவும் கிழியாதிருக்க, பிடித்ததோடு எஞ்சியதையும் எண்ணிப் பார்ப்போம்.